பிரிக்கத் தெரியாமல் பின்னத் தெரியாது

ரிக்ரொக்கைத் திறந்து ஐந்து நிமிசம் மேலே தள்ளிக்கொண்டு போனால் ஒரு குரோசே கரடிக்குட்டியாவது கண்ணில் படும். எங்கள் வயதுக்காரர் கனபேரின் கையில் இப்போது ஊசியும் நூலும் இருக்கிறது. சந்தோசம்தான். ஆனால் ஒரு வருசம், இரண்டு வருசம் பின்னிய பிறகும் வீடியோவை நிப்பாட்டினால் கையும் நின்றுவிடுகிறதே, அது ஏன்?

திறமை போதாது என்று நான் சொல்லமாட்டேன். 'புது ரெக்னிக்' என்று நாங்கள் எதைச் சொல்லுகிறோம் என்பதில்தான் சிக்கல். கேபிள் போட்டாச்சு, லேஸ் போட்டாச்சு, அடுத்தது இரண்டு நிறம் என்று பட்டியல் நீளுகிறது. பட்டியல் நீளுவதால் கை வளருவதில்லை. பின்னலில் முன்னேறுவதென்றால், ஊசியில் இருக்கிற துணியைப் பார்த்து அதில் என்ன நடந்திருக்கிறது என்று வாசிக்கப் பழகுவதுதான்.

இரண்டு ஊசியால் பின்னுகிற பின்னலையே எடுங்கோ. நிட், பேர்ல் என்று இரண்டு பெயர் இருந்தாலும் கண்ணி ஒன்றுதான். ஒன்றின் முதுகு மற்றது. முன்னால் பார்த்தால் சின்ன அம்புமுனை போல, பின்னால் பார்த்தால் சின்ன மேடு போல இருக்கும். துணியைத் திருப்பித் திருப்பி எல்லா வரியையும் நிட் போட்டால் இரண்டு பக்கமும் மேடு மேடாக, சுருளாத துணி வரும். ஒரு வரி நிட், ஒரு வரி பேர்ல் என்றால் முன்பக்கம் வழவழப்பாக இருக்கும், ஆனால் ஓரம் சுருளும். ஒரே வரிக்குள் நிட்டும் பேர்லும் மாறி மாறி வந்து, மேட்டுக்கு மேல் மேடு நின்றால் இழுபடுகிற துணி வரும். சுவெற்றரின் கைவிளிம்பு அதுதான்.

பயமுறுத்துகிற கேபிளில் புதிய கண்ணி ஒன்றுமே இல்லை. இரண்டு மூன்று கண்ணிகளைத் தனி ஊசியில் காத்திருக்க வைத்துவிட்டு அடுத்ததுகளை முதலில் பின்னுகிறோம், அவ்வளவுதான். லேஸும் அப்படித்தான். நூலை ஊசியில் ஒருக்கா சுற்றினால் ஓட்டை விழும், ஒரு கண்ணியும் கூடும். அதை ஈடுசெய்ய வேறோரிடத்தில் இரண்டைச் சேர்த்துப் பின்னவேணும். சேர்க்கிற விதத்தைப் பொறுத்து அது வலப்பக்கமோ இடப்பக்கமோ சாயும். இது விளங்கினவருக்கு ஒரு சால்வையின் படமே பாதிப் பற்றன்.

விளங்காமல் பின்னினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிற பழைய குரோசேப் புத்தகங்கள் பெரும்பாலும் பிரித்தானிய முறையில் எழுதப்பட்டவை. யூரியூப்பில் வருவதோ அநேகமாக அமெரிக்க முறை. அமெரிக்கர் 'சிங்கிள் குரோசே' என்று சொல்வதைத்தான் பிரித்தானியர் 'டபிள் குரோசே' என்பார்கள். அமெரிக்கரின் 'டபிள்' பிரித்தானியருக்கு 'ட்ரெபிள்'. ஊசி இலக்கமும் அப்படித்தான்: பழைய பிரித்தானிய 8 ஆம் இலக்கப் பின்னல் ஊசி 4 மில்லிமீற்றர், அமெரிக்க 8 ஆம் இலக்கம் 5 மில்லிமீற்றர். பெயரை மட்டும் பாடமாக்கினவர் அம்மம்மாவின் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவார். கண்ணியின் உயரத்தைப் பார்க்கத் தெரிந்தவர் ஒரு வரி பின்னியவுடனேயே பிடித்துவிடுவார்.

அடுத்தது எல்லாரும் தாண்டிப் போகிற விசயம், மாதிரித் துண்டு. "அதைப் பின்னுற நேரத்துக்கு உடுப்பையே தொடங்கியிருக்கலாமே" என்பார்கள். கணக்கைப் பாருங்கோ. 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணி என்று பற்றன் சொல்லுகிறது. உடம்புக்கு 200 கண்ணி, சுற்றளவு 100 சென்ரிமீற்றர். உங்கள் கை கொஞ்சம் இறுக்கம், 22 கண்ணி விழுகிறது. அதே 200 கண்ணி இப்போது 91 சென்ரிமீற்றர்தான். பத்தில் இரண்டு கண்ணி வித்தியாசம், உடுப்பு தலைக்குள்ளால் போனாலும் வயிற்றில் நிற்கும். 15 சென்ரிமீற்றர் அளவில் ஒரு துண்டு பின்னி, கழுவிக் காயவிட்டு, நடுவில் அளந்தால் இந்தத் துன்பமில்லை. எங்கள் வெக்கைக்குப் பருத்தி நூல்தான் சரி. ஆனால் கம்பளி நூலுக்கு இருக்கிற துள்ளல் பருத்திக்கு இல்லை, கை ஒரே சீராக இல்லாவிட்டால் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். குளிர்நாட்டில் இருந்து கம்பளியில் பின்னிக் காட்டுகிறவரின் வீடியோவோடு எங்கள் துண்டு ஒத்துவராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம்விட முக்கியமானது பிரிக்கிறது. தையலில் துணியை வெட்டினால் வெட்டினதுதான். பின்னலில் அப்படியில்லை, நுனியை இழுத்தால் முழுவதும் திரும்ப நூலாகிவிடும். இவ்வளவு பெருந்தன்மையான கைவேலை வேறு இருக்குமோ தெரியாது. அப்படியிருந்தும் பத்து வரிக்குக் கீழே பிழையைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு மேலே போகிறோம். பிரிக்கப் பயப்படுகிறவர் கடினமான வேலை எதையும் தொடமாட்டார். பயத்தைக் குறைக்க வழி இருக்கிறது. லேஸ் பின்னும்போது சில வரிக்கொருக்கா வேறு நிற மெல்லிய நூலொன்றை ஊசியில் இருக்கிற கண்ணிகளுக்குள்ளால் ஓடவிடுங்கோ. பிழைத்தால் அந்த நூல் வரைக்கும்தான் பிரியும். தவறி விழுந்த ஒற்றைக் கண்ணிக்கு முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை. அது ஏணிப்படி போல இறங்கி நிற்கும், குரோசே ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றலாம். ஆனால் எந்தப் படி எங்கே என்று பார்க்கத் தெரிந்திருக்கவேணும்.

"சும்மா மனஆறுதலுக்குப் பின்னுறம், இதுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்பீர்கள். ஆறுதலுக்கென்றால் ஒரே கரடியை நூறுதரம் பின்னுங்கோ, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்களில் கனபேர் இதை விற்கவும் தொடங்கியிருக்கிறோம். எல்லாரும் ஒரே இலவசப் பற்றனைப் பார்த்துப் பின்னினால் எல்லாரிடமும் ஒரே கரடிதான் இருக்கும். பிறகு விலையைக் குறைத்துத்தான் போட்டி போடவேணும், குறைவது எங்கள் மணித்தியாலங்களின் பெறுமதிதான். 'என்ர அளவுக்கு, இந்தக் கழுத்தோட, கையைக் கொஞ்சம் நீட்டி' என்று ஒருவர் கேட்கும்போது செய்துகொடுக்கக்கூடியவருக்கு மட்டும்தான் தன் விலையைச் சொல்லுகிற துணிவு வரும்.

1971 இல் 'நிட்டிங் விதவுட் ரியர்ஸ்' என்ற புத்தகத்தை எழுதிய எலிசபெத் சிமர்மன் இதைத்தான் வலியுறுத்தினார். உடம்புச் சுற்றுக்கான கண்ணிகளை 100 வீதமாக வைத்து, கை, கழுத்து எல்லாவற்றையும் அதன் வீதங்களாகக் கணக்கிடும் முறையொன்றையும் அவர் உருவாக்கினார். பற்றனுக்கு அடிமையாகாமல் உங்கள் வேலைக்கு நீங்களே முதலாளியாக இருங்கோ என்பதுதான் அதன் சாரம். எங்கள் வீடுகளிலும் மேசைவிரிப்பொன்றைப் பார்த்தே அதுபோல இன்னொன்று பின்னிவிடுகிற அம்மம்மாமார், பெரியம்மாமார் இருக்கிறார்கள். மனைப்பொருளியல் பாடத்தோடு சேர்த்து அவர்களின் அறிவையும் 'பொம்பிளைப்பிள்ளையளின்ர பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவைத்தது எங்கள் நட்டம். அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருந்து, எப்படிப் பின்னுகிறீர்கள் என்று கேட்பதோடு நிற்காமல், எப்படிப் பார்க்கிறீர்கள் என்றும் கேட்டுப்பாருங்கோ.

இந்த மாதம் புதுப் பற்றன் ஒன்றும் வேண்டாம். 30 கண்ணி போடுங்கோ. ஒரு சாண் பின்னுங்கோ. நடுவில் ஒரு கண்ணியை வேணுமென்றே விழவிட்டு, ஐந்து வரி இறங்கவிட்டு, திரும்ப ஏற்றுங்கோ. அது சரிவந்தால் முழுவதையும் பிரித்து, அதே நூலில் இன்னொருக்காத் தொடங்குங்கோ.