நிலையம் எங்கே?

சியாட்டிலின் வடபகுதியில் நார்த்கேட் ரயில் நிலையம் இருக்கிறது. அதற்கு எதிரே, ஐ-5 நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம், ஒரு கல்லூரி. 2021 அக்டோபர் 2ஆம் தேதி இலகு ரயில் அங்கே வந்து சேர்ந்த அன்றே நெடுஞ்சாலைக்கு மேல் ஒரு நடைபாலத்தையும் திறந்தார்கள். நீளம் ஏறத்தாழ 580 மீட்டர். புத்தகப் பையோடு இறங்கும் மாணவர், கீழே கார்களும் லாரிகளும் இரைந்து ஓட, அவ்வளவு தூரமும் நடந்துதான் வகுப்புக்குப் போக வேண்டும். முன்பு ஊரைச் சுற்றிப் போனவர்களுக்கு இது பெரிய வசதி, சந்தேகமில்லை. ஆனால் நெடுஞ்சாலையை ஒட்டி நிலையம் அமைந்துவிட்டால், இறங்கியவரைப் போக வேண்டிய இடத்தில் சேர்க்க இன்னொரு கட்டுமானம் தேவைப்படுகிறது. அதற்கு அந்தப் பாலமே சாட்சி.

புதிய ரயில் பாதை என்றதும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி, எந்த வருஷம் என்றே பேச்சு போகிறது. நிலையங்கள் எங்கெங்கே வரும் என்ற கேள்வி கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகிறது. ஒரு ஊரின் அன்றாடத்தை மாற்றப்போவதோ அதுதான். மைக்ரோசாஃப்டும் அமேசானும் தமிழ் வீடுகளில் பழக்கப்படுத்திய ஊரான சியாட்டில், இதைப் பெரும் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

ரயில் வேண்டுமா என்று அந்த ஊர் மக்களிடம் 1968இல் முதலில் கேட்டார்கள். 60 சதவீத ஆதரவு தேவைப்பட்டது, 50.8 சதவீதம்தான் கிடைத்தது. 1970இல் மறுபடி கேட்டபோது போயிங் நிறுவனம் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். ஆதரவு 46 சதவீதமாக இறங்கியது. சியாட்டிலுக்கு வரவேண்டிய மத்திய அரசுப் பணம் அட்லாண்டாவுக்குப் போய் அந்த ஊரின் மெட்ரோவாக ஓடுகிறது.

அடுத்த வாய்ப்பு 1996இல் வந்தது. 390 கோடி டாலர் திட்டத்துக்கு மக்கள் சம்மதித்தார்கள். விமான நிலையத்திலிருந்து பல்கலைக்கழக வட்டாரம் வரை சுமார் 34 கிலோமீட்டர், 2006க்குள் என்பது வாக்குறுதி. நான்கே வருஷத்தில் கணக்கு சுமார் 100 கோடி டாலர் தவறியிருப்பது தெரியவந்தது. 2001இல், திட்டத்தை நடத்தும் சவுண்ட் டிரான்சிட் அமைப்பின் பொறுப்புக்கு வந்த ஜோனி ஏர்ல் காலத்தில், முதல் கட்டப் பாதை சுமார் 22 கிலோமீட்டராகச் சுருங்கியது. விமான நிலையம்கூட அதில் இல்லை. 2009 ஜூலையில் ரயில் ஓடியது. டிசம்பரில் விமான நிலையம் சேர்ந்தது. பல்கலைக்கழக வட்டாரத்தின் நிலையம் திறந்ததோ 2021இல், சொன்ன தேதிக்குப் பதினைந்து ஆண்டு கழித்து.

ஆனால் வெட்டிய நீளம் திரும்பி வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 2016 மார்ச்சில் நகர மையத்திலிருந்து பல்கலைக்கழக வளாகம் வரை சுமார் 5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்தது. புதிதாக வந்தவை இரண்டே நிலையங்கள்: கேபிடல் ஹில் ஒன்று, விளையாட்டு மைதானத்தை ஒட்டிய பல்கலைக்கழக நிலையம் ஒன்று. சொன்ன தேதிக்கு முன்பே, ஒதுக்கிய பணத்துக்குள்ளேயே வேலை முடிந்தது. 2015இல் சுமார் 1.15 கோடியாக இருந்த பயணங்கள் 2016இல் சுமார் 1.9 கோடியாயின. கேபிடல் ஹில்லில் அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. படியேறி வெளியே வந்தால் கடை, உணவகம், வீடு எல்லாம் நடக்கும் தொலைவில். இந்தப் பலனுக்குக் காரணம் அந்த இடம்தான்.

இதே சுரங்கத்தில் இன்னொரு நிலையம் வந்திருக்க வேண்டும். ஃபர்ஸ்ட் ஹில் என்ற அந்தக் குன்றின் மேல் ஊரின் பெரிய மருத்துவமனைகள் வரிசையாக நிற்கின்றன. செவிலியர், துப்புரவுத் தொழிலாளி, சக்கர நாற்காலியில் வரும் நோயாளி என நாள் முழுக்க ஆள் நடமாட்டம். ஆழத்தில் மண் சரியில்லை, தோண்டுவது ஆபத்து, செலவும் கூடும் என்று 2005இல் அந்த நிலையத்தைக் கைவிட்டார்கள். ஈடாக 2016இல் ஒரு தெரு டிராம் கிடைத்தது. அது கார்களுக்கு நடுவே, ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று ஊர்கிறது. சுரங்க ரயிலின் பாதை அந்தக் குன்றைத் தவிர்த்துப் போடப்பட்டுவிட்டது. இனி அங்கே நிலையம் வைக்க வழி இல்லை.

தெற்கே ரெய்னியர் பள்ளத்தாக்கில் வேறு விதமான சிக்கனம். வியட்நாமியரும் சோமாலியரும் எத்தியோப்பியரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து வாழும் அந்தப் பகுதியில் மார்ட்டின் லூதர் கிங் சாலையின் நடுவே ஏறத்தாழ 7 கிலோமீட்டருக்குத் தரையிலேயே தண்டவாளம் போட்டார்கள். வடக்கே கொடுத்ததுபோல் எங்களுக்கும் சுரங்கம் கொடுங்கள் என்று குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ரயில் அங்கே வேகம் குறைத்தே ஓடுகிறது. சாலைச் சந்திப்புகளில் மோதல்கள் நடக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. ஒரு விபத்து நடந்தால் மொத்தப் பாதையும் தடுமாறுகிறது. கிரஹாம் தெருவில் வேண்டாம் என்று விடப்பட்ட நிலையம் 2016இல் மறுபடி திட்டத்தில் சேர்ந்தது. தரைப்பாதை என்பதால் அதற்காவது இடம் மிஞ்சியிருக்கிறது.

வடக்கே லின்வுட் வரையிலான பாதைக்கு இரண்டு வழிகள் இருந்தன: கடைகளும் வீடுகளும் நிறைந்த அரோரா சாலை ஒன்று, ஐ-5 ஓரம் மற்றொன்று. நெடுஞ்சாலை ஓரம் என்றால் நிலம் பெரும்பாலும் அரசுடையது, இடிப்பு குறைவு, பயண நேரமும் குறைவு. அதுவே தேர்வாகி 2024 ஆகஸ்ட்டில் திறந்தது. நியாயமான காரணங்கள்தாம். ஆனால் நிலையத்தைச் சுற்றி நடந்து போகக்கூடிய வட்டத்தில் பெரும்பங்கை நெடுஞ்சாலையே விழுங்கிவிடுகிறது. ஷோர்லைன் நகராட்சி, ரயில் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நிலையங்களைச் சுற்றி அடுக்குமாடிகளுக்கு அனுமதி கொடுத்து அந்தக் குறையை ஓரளவு சரிசெய்தது. மற்ற ஊர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய நல்ல முன்மாதிரி.

சியாட்டிலை ஒட்டிய ஏரிக்கு அந்தப்பக்கம் பெல்வியூவில் இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் கிடங்குகள் இருந்த நிலத்தில், நிலையம் இங்கேதான் என்று முன்கூட்டியே உறுதியானதால், ஸ்பிரிங் டிஸ்ட்ரிக்ட் என்ற புதிய குடியிருப்பே எழுந்தது. 2024 ஏப்ரலில் ரயில் வந்தபோது ஏறுவதற்கு ஆட்கள் அங்கேயே குடியிருந்தார்கள். அதே பாதையில் மைக்ரோசாஃப்ட் வளாகத்தின் வாசலிலேயே ஒரு நிலையம். அங்கே வேலை பார்க்கும் எத்தனையோ தமிழர்களுக்கு வீட்டிலிருந்து அலுவலகம் வரை ரயிலிலேயே போகலாம் என்ற நிலை வந்திருக்கிறது.

2016இல் மக்கள் ஒப்புக்கொண்ட 5,400 கோடி டாலர் திட்டத்தில் வெஸ்ட் சியாட்டிலுக்கும் பாலார்டுக்கும் புதிய பாதைகள் உண்டு. 2025இல் வெளியான கணக்குப்படி, 2046 வரை சுமார் 3,450 கோடி டாலர் துண்டு விழுகிறது. உடனே கத்தரிக்கோல் நிலையங்கள் பக்கம் திரும்பியது. வெஸ்ட் சியாட்டிலின் அவலான் நிலையத்தை விட்டுவிடலாமா என்ற யோசனை எழுந்தது. பாலார்டின் உயிரோட்டமான கடைத்தெரு 20ஆம் அவென்யூவுக்கு மேற்கே இருக்க, நிலையம் 14ஆம் அல்லது 15ஆம் அவென்யூவில் என்றே ஏற்கெனவே திட்டமிட்டிருந்தார்கள். பாலார்டு பாதைக்கு ஒரு நிலையம் வரவிருந்த சைனாடவுனில், ஐ-5 கட்டியபோது நடுவே பிளக்கப்பட்ட பகுதி என்பதால், இன்னொரு பத்தாண்டு இடிப்பும் தூசியும் வேண்டாம் என்று வியாபாரிகளும் முதியவர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் 2023இல் அமைப்பு விரும்பித் தேர்ந்தெடுத்த மாற்று வழி புதிய நிலையங்களை வடக்கும் தெற்குமாகத் தள்ளிவிட்டது. பழைய பாதையும் வெளியூர் ரயில்களும் சந்திக்கும் இடத்தில் புதிய பாதை சந்திக்காது.

பணம் இல்லை என்றால் பாதையைக் கட்டம் கட்டமாகப் போடட்டும். பாலார்டுக்கு ஐந்து வருஷம் தாமதமாகப் போகட்டும். நிலையங்களின் கூரையையும் அலங்காரத்தையும் குறைக்கட்டும், நடைமேடையைச் சுருக்கட்டும். 2001இல் வெட்டிய நீளம் இருபதே ஆண்டுகளில் திரும்பக் கிடைத்தது. 2005இல் விட்ட ஃபர்ஸ்ட் ஹில் கிடைக்கவே இல்லை. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சவுண்ட் டிரான்சிட்டின் குழு அவலானையும் பாலார்டு கடைத்தெருவையும் பற்றி முடிவெடுக்க வேண்டும்.