பூனையும் பிள்ளையும்

அணிலையும் கீரியையும் கிளியையும் 'பிள்ளை' என்றழைத்து மகிழ்ந்தவர் தமிழ் மக்கள். அடுப்பங்கரையிற் படுத்துறங்கும் பூனைக்கோ அப்பெயர் பெரும்பாலும் வாய்த்திலது. தொல்காப்பிய மரபியலில் வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயரே வகுக்கப்பட்டுள்ளது. எனினும் பூனை நம் முன்னோர் உள்ளத்தில் இடம்பெறாத உயிரன்று. கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார். குட்டியைத் தானே கவ்விச் செல்லும் தாய்ப்பூனையின் செயலில் இறைவனது அருளின் தன்மையைக் கண்டனர் வைணவப் பெரியோர். இத்துணைச் சிறப்புடைய உயிர், வீட்டில் மகவொன்று பிறந்த அன்றே ஐயுறவுக்கு உரியதாகிவிடுகின்றது. அதனை வைத்திருப்பதா, துரத்திவிடுவதா என்னும் வினா பல இல்லங்களில் எழுகின்றது. அவ்வினாவைக் குறித்து என் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

ஜவ்வாது மலைமேலுள்ள ஜமுனாமரத்தூரையும் அதனைச் சூழ்ந்த மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களையும் எண்ணிப் பார்ப்போம். சாமையும் கேழ்வரகும் தினையும் அம்மலைநிலத்தின் விளைபொருள்கள். தானியம் உள்ளவிடத்து எலி வரும். எலி உள்ளவிடத்துப் பாம்பு வரும். ஆதலின் அங்கே பூனை பொழுதுபோக்கிற்காக வளர்க்கப்படும் உயிரன்று. விளைச்சலைக் காக்கும் ஊழியக்காரன். இவ்வுறவு மிகப் பழைமையானது. சைப்பிரசுத் தீவில் மனிதனுக்கு அருகே பூனையும் அடக்கம் செய்யப்பட்ட கல்லறையொன்றை ஆராய்ச்சியாளர் கண்டு 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் பழைமை ஏறத்தாழ 9,500 ஆண்டுகள். மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய காலத்திலேயே பூனை அவனை அணுகியதென்பது அறிஞர் கொள்கை.

இங்ஙனமாகவும், பூனை ஆகாது என்று கூறிச் சாக்கிற் கட்டித் தொலைவிற் கொண்டுபோய் விடுவார் சிலர். பூனை சாது என்று கூறிக் குழந்தையோடு தனியே விடுவார் வேறு சிலர். இவ்விருவர் கொள்கையும் பிழையென்பது என் துணிபு.

துரத்துவோரை முதலில் நோக்குவோம். பூனை போன வீட்டில் எலி பெருகும். எலி பெருகின் எலிமருந்து வரும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை ஈரலை அழிக்கும் கொடிய நஞ்சு. தவழும் மகவு கையிற் கிடைத்தது எதனையும் வாயிலிடும் இயல்பினது. பூனையின் நகத்துக்கு அஞ்சி, அதனினும் பன்மடங்கு கொடிய நஞ்சை மூலைதோறும் வைப்பது எங்ஙனம் அறிவுடைமையாகும்?

இனி, நம்பி விடுவோரை நோக்குவோம். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனுடைய நற்செயல்களைக் கூறுமிடத்து, வளர்த்த கீரியைக் கொன்ற பார்ப்பனியின் துயரம் குறிக்கப்படுகின்றது. பஞ்சதந்திரத்தில் விரிந்து காணப்படும் கதை அது. தொட்டிற் குழந்தையைக் கீரியின் காவலில் விட்டுத் தாய் வெளியே சென்றாள். கீரி பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்தது. அதன் வாயிலிருந்த குருதியைக் கண்ட தாய், தன் மகவைக் கொன்றதென்று எண்ணி அதனைக் கொன்றாள். ஆராயாது செய்தல் தீது என்பதே இக்கதைக்கு யாவரும் கூறும் பொருள். அதற்கும் முற்பட்ட தவறொன்று இக்கதையில் உண்டு என்பேன். மனிதர் செய்ய வேண்டிய காவலை விலங்கின்மேற் சுமத்தியதே அது. கீரி நல்லதாயினும் தாய்க்கு அதன்மேல் முழு நம்பிக்கை இல்லை என்பதை அவள் செயலே காட்டிற்று. நம்பிக்கையில்லாத இடத்திற் பிள்ளையை விட்டுச் சென்றமையால் இரண்டு உயிர்க்கும் தீங்கு இழைத்தாள். பூனை பிறாண்டியபின் அதனை அடிப்போர் செய்வதும் இதுவேயன்றோ?

நிற்க. பூனை காரணமின்றிக் கீறுவதன்று. வாலைப் பிடித்திழுக்கும்போதும், உண்ணும்போது தொடும்போதும், ஈன்ற குட்டியை எடுக்கும்போதும், தப்ப வழியின்றி மூலையில் அகப்படும்போதுமே அது நகத்தை நீட்டுகின்றது. அதற்குமுன் காதுகளைப் பின்னே மடக்கும், வாலை இப்புறமும் அப்புறமும் வீசும், கண்மணி விரியும். இவ்வெச்சரிக்கையை நாம் அறிவோம். மூன்று வயதுக் குழந்தை அறியாது. ஆகவே, பெரியோர் ஒருவர் உடனிருந்தாலன்றி ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளையையும் பூனையையும் ஒருங்கே விடலாகாது. பரண்மேலோ திண்ணையிலோ பிள்ளையின் கை எட்டாத இடமொன்று பூனைக்கு இருத்தல் வேண்டும். அஞ்சிய பூனை ஓடி ஒளிய வழியிருப்பின் கீறாது. அதன் சோற்றுக் கலத்தைத் தவழும் குழந்தை செல்லாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

சேலையில் தூளி கட்டி மகவை உறங்க வைப்பது நம் நாட்டு வழக்கம். வெதுவெதுப்பை நாடும் பூனை, குளிர்மிக்க மலையூர்களில் அதனுள் ஏறிப் படுக்க முயலுதல் இயல்பே. புரளவும் இயலாத பச்சிளங் குழந்தையின் முகத்தருகே அது படுக்குமாயின் மூச்சு முட்டுதல் கூடும். ஆதலின் இரவிற் குழந்தை உறங்குமிடத்துப் பூனையைப் புகவிடாது கதவடைத்தல் நன்று. பூனையின் மயிர் பட்டால் இழுப்பு வரும் என்பர். மயிரன்று, அதன் எச்சிலிலும் தோலிலும் உண்டாகி மயிரில் ஒட்டும் புரதமே சிலர்க்கு அத்துன்பத்தைத் தருகின்றது. இளைப்பு நோயுள்ள பிள்ளையின் படுக்கையைப் பூனை அணுகாதிருத்தல் வேண்டும்.

மணலைக் கிளறி மலங்கழித்து மூடுவது பூனையின் இயல்பு. பிள்ளைகள் விளையாடுவதும் அம்மணலிலேயே. அம்மலத்தின் வழியாக டாக்சோப்பிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பரவுதல் கூடும். அது கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு விளைக்க வல்லது. மலம் வெளிப்பட்டு 1 முதல் 5 நாள் சென்ற பின்னரே அந்நுண்ணுயிர் தொற்றும் நிலையை அடைகின்றது. ஆகையால் நாள்தோறும் அதனை அகற்றிவிடின் அச்சம் பெரிதும் நீங்கும். கருவுற்ற மகளிர் அவ்வேலையைப் பிறரிடம் விடுதலே தக்கது. விளையாடும் மணலை மூடிவைத்தலும், உண்ணுமுன் பிள்ளையின் கையைக் கழுவுதலும் செலவில்லாத காவல்கள்.

எல்லாவற்றினும் முதன்மையாக நான் வற்புறுத்த விரும்புவது வெறிநாய்க்கடி நோயைப் பற்றியே. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் அந்நோயால் மடிவதாக மதிப்பிடுகின்றனர். ஐயத்துக்குரிய விலங்குகளாற் கடியுண்போருள் நூற்றுக்கு 40 பேர் 15 வயதிற்குட்பட்ட சிறுவர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பெரும்பாலும் நாயே காரணம். ஆயினும் வெறிநாயாற் கடியுண்ட பூனையும் அந்நோயைத் தரும். 'நாயன்று, பூனைதானே! கீறல்தானே!' என்று மஞ்சளோ மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ அப்பிவிட்டு வாளாவிருத்தல் மிகப் பெருந்தவறு. புண்ணை ஓடுநீரிற் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுதல் முதற் செயல். காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுதல் இரண்டாவது. நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பார் மிக அரியர். தோன்றுமுன் தடுப்பதோ எளிது. 1885-ஆம் ஆண்டில் ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்ச்சர் இம்மருந்தைச் செலுத்திக் காத்தார். நம் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு முதல் அவர் பெயர் தாங்கிய நிலையம் உள்ளது. இன்று அரசு மருத்துவமனைகளில் இத்தடுப்பூசியைக் கட்டணமின்றிப் போடுகின்றனர். முதல் நாள் தொடங்கி 3, 7, 28 ஆம் நாட்களில் மீண்டும் போட்டுக்கொள்ளுதல் வேண்டும். ஆழ்ந்த காயமாயின் காயத்தைச் சுற்றிச் செலுத்தும் வேறொரு மருந்தும் தேவை.

இங்கேதான் மலைநாட்டார் இடர் விளங்குகின்றது. ஊசிக்குக் காசில்லை; ஆனால் உட்கிராமத்திலிருந்து இறங்கி வருதற்கு ஒருநாட் கூலியும் பேருந்துச் செலவும் உண்டு. நான்கு முறை வருதல் வேண்டுமெனின் இரண்டாம் முறையோடு நின்றுவிடுவார் உளராதலில் வியப்பில்லை. அறியாமையைக் குறைகூறுதல் நமக்கு எளிது; வழியைச் சுருக்குதலே கடமை. நம் கல்லூரி மாணவர் சேவை முகாம்களுக்குச் செல்கின்றனர். பழைய மாணவர் பலர் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராய் உள்ளனர். சாலை போடுதலும் மரம் நடுதலும் நல்லனவே. அவற்றோடு, சோப்பும் நீரும் பதினைந்து நிமிடமும் என்னும் இப்பாடத்தை வீடுதோறும் சொல்லிவருதலும், கால்நடை மருந்தகத்தார் துணையோடு நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடச் செய்தலும் நம்மால் இயலாதனவல்ல.

பிள்ளைகளுக்கும் இளமையிலேயே கற்பித்தல் வேண்டும். பூனை தானே வரட்டும் எனக் காத்திருத்தல், தலையினின்று முதுகு நோக்கி மெல்லத் தடவுதல், வாலைத் தொடாமை, உறங்குவதை எழுப்பாமை ஆகிய இவை நான்கும் போதும். தன்னினும் வலிகுறைந்த உயிர்க்கும் விருப்பும் வெறுப்பும் உண்டு என்பதை ஒரு குழந்தை முதன்முதல் அறியும் பள்ளி வீட்டுப் பூனையே. துரத்திவிட்ட வீட்டில் அப்பள்ளி இல்லை.

ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒருங்கு தங்க, பால்குடி மகவு பாம்பின் வளையருகே அச்சமின்றி விளையாடும் நாளொன்றை ஏசாயா தீர்க்கதரிசி கண்டார். அந்நாள் இன்னும் வந்திலது. அது வருமளவும் பிள்ளைக்கும் விலங்குக்கும் இடையே கண்விழித்திருக்கும் பொறுப்பை இறைவன் பெரியோராகிய நம்மிடமே ஒப்புவித்துள்ளான். அப்பொறுப்பைப் பூனையிடம் விடுதலும் தவறு. அதற்கு அஞ்சிப் பூனையைக் காட்டில் விடுதலும் தவறு.