உழைச்செல்வான் எனும் நான்காம் கூறு

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வான் என்றொருவனையும் சேர்த்து எண்ணினார். அருகிருந்து மருந்தூட்டிப் பணிவிடை புரிபவன் அவன். உரை வகுத்த பரிமேலழகர், அவனுக்கு நோயாளியின்பால் அன்பும், தூய்மையும், சொன்னபடி செய்யும் ஆற்றலும், அறிவும் வேண்டும் என விரித்துரைப்பார். நம் மருத்துவமனைகளில் இன்று அன்புக்குக் குறைவில்லை. அதற்கு அடுத்ததாகிய தூய்மைதான் பெரும்பாலும் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

புதுவையில் 2022 செப்டம்பரில் குழந்தைகளிடையே காய்ச்சல் பரவியபோது, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அரசு விடுமுறை அறிவித்தது. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை இன்புளுவென்சா பரவிய வேளையிலும் 16ஆம் நாள் முதல் 26ஆம் நாள் வரை அதே வகுப்புகள் மூடப்பட்டன. அம்முடிவைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் பள்ளியைப் பூட்டுவது எளிது; ஓர் ஆணை போதும். மருத்துவமனையைப் பூட்டவியலாது. பள்ளியில் கூடுவோர் நலமுள்ள சிறார். மருத்துவமனையில் கூடுவோரோ முதியோர், கருவுற்ற மகளிர், நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உடையோர், பிறந்து சில நாளேயான சிசுக்கள். இன்புளுவென்சா உயிரைப் பறிப்பது பெரிதும் இவர்களிடமே. எனவே காய்ச்சல் பருவத்தில் முதற்காவல் வேண்டிய இடம் மருத்துவமனையே என்பது என் துணிபு.

இந்நோயின் இயல்பை நோக்குங்கால் இது நன்கு விளங்கும். நோயுற்றவர் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நீர்த்திவலைகள் அருகிலிருப்போரை அடைகின்றன. காய்ச்சல் தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே அவர் பிறர்க்குத் தொற்றைத் தரவல்லவராகிறார். அதன்பின் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை அந்நிலை நீடிக்கும். எஃகுக் கட்டிலின் விளிம்பிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் இவ்வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும். கட்டிலைத் தொட்ட கையால் மூக்கைத் தொட்டால் போதும். தனக்கு நோய் இருப்பதையே அறியாத ஒருவர், சாத்துக்குடிப் பையுடன் நலம் விசாரிக்க வந்து, பையோடு நோயையும் கொடுத்துவிட்டுப் போவது இவ்வாறுதான்.

இங்கே நமக்கொரு தருமசங்கடம் எழுகிறது. நோயுற்றாரைச் சென்று காண்பது இஸ்லாம் வலியுறுத்தும் கடமைகளுள் ஒன்று. தமிழர் பண்பாட்டிலும் அது உறவின் உரைகல். வராதவரை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. அங்ஙனமாயின், வராதே என்று கூறுவது மார்க்கத்துக்கும் மரபுக்கும் முரணாகாதா?

முரணன்று. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லற்க. அவ்வூரில் இருப்போர் வெளியேறற்க எனும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஹதீஸ் நூல்கள் கூறும். தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மூடிக்கொள்வது அவர்களின் வழக்கம் என்பதையும் அவை பதிவுசெய்துள்ளன. சிரியா நோக்கிப் புறப்பட்ட கலீபா உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியதை வழியில் ஸர்ஃ என்னுமிடத்தில் அறிந்து, கலந்தாலோசித்து மதீனா திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக உமர் விடையிறுத்தார்கள். கி.பி. 1284இல் கெய்ரோவில் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் காய்ச்சல் நோயாளர்க்கெனத் தனிப்பகுதியே இருந்தது. நுண்ணுயிர் என்பதை உலகம் அறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, பிரித்து வைப்பதன் பயனை அவர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர்.

இருமலோடு இருப்பவர் நோயாளியைக் காணச் செல்லாமல் இருப்பதும் நலம் விசாரிப்பின் ஒரு வகையே என்று நாம் கொள்ளவேண்டும். தொலைபேசியில் ஆறுதல் கூறலாம், துஆச் செய்யலாம், அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கலாம். நோயாளிக்கு உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசி உதவியே. முல்லா வீதிப் பகுதியின் பள்ளிவாசல்களில் ஒரு வெள்ளிக்கிழமை இதைப் பேசினால், மருத்துவமனைச் சுவரின் பத்து அறிவிப்புப் பலகைகள் செய்யாததை அது செய்யும்.

ஆனால் உறவினரை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. ஜிப்மருக்கும் புதுவையின் அரசு மருத்துவமனைகளுக்கும் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பகுதிகளிலிருந்து பேருந்தேறி வருவோர் மிகப் பலர். துணைக்கு வந்தவர் தங்க வேறிடமின்றிக் கட்டிலுக்கடியில் பாய் விரிக்கிறார். செவிலியர் போதாத கூடத்தில் நோயாளியைத் தூக்கி அமர்த்துவதும் கஞ்சி புகட்டுவதும் அவரே. அவரைப் பார்வையாளர் என்று கருதிக் காவலர் விரட்டுவது எவ்வளவு பெரிய அறியாமை! கொரோனாக் காலத்தில் துணையின்றித் தனித்துக் கிடந்தோரின் துயரையும் நாம் மறந்துவிடவில்லை. முற்றாகத் தடுப்பது கொடுமை. வரையறையின்றி விடுவது ஆபத்து. நோயாளிக்கு ஒரு துணைவர் என வரம்பிட்டு, அவருக்கு உறங்க ஓரிடமும், முகக்கவசமும், கைகழுவும் முறையும் தருவதே நடுவழி.

கைகழுவும் முறை என்றால் விரல் நனைப்பதன்று. சோப்பும் நீருமாயின் 40 முதல் 60 நொடி, கையில் தேய்க்கும் ஆல்கஹால் கரைசலாயின் 20 முதல் 30 நொடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், மகப்பேற்றுக் கூடத்தில் மருத்துவர்களைக் கைகழுவச் செய்தே தாய்மார் சாவைப் பெருமளவு குறைத்தார். அவரை அக்காலத்து மருத்துவருலகம் ஏற்கவில்லை என்பது வேறு கதை. ஐந்து வேளை ஒளூச் செய்து பழகிய கைகளுக்கு இது புதிதன்று. ஆனால் கூடத்தின் வாயிலில் குழாய் வேண்டும். குழாயில் நீர் வேண்டும். சோப்பு தீர்ந்தால் வைக்க ஓர் ஆள் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. காய்ச்சலுடன் பணிக்கு வரும் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் விரும்பி வருவதில்லை. ஒப்பந்தக் கூலிக்கு உழைப்பவர் ஒரு நாள் வராவிடில் அன்றைய ஊதியம் போய்விடும். ஆண்டுதோறும் அவர்களுக்கு இன்புளுவென்சாத் தடுப்பூசியும், நோயுற்ற நாட்களுக்கு ஊதியத்துடன் விடுப்பும் அளிக்க நிர்வாகங்கள் முன்வரவேண்டும். புதுவையில் அடுத்த காய்ச்சல் பருவம் பிறந்து, பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஆணை எழுதப்படும்போது, அதே கோப்பில் இந்தச் செலவுக்கும் ஒரு வரி எழுதலாம்.