ஆமணக்கும் நினிவேயும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், நம் அன்பியக் கூட்டம் நோயுற்ற ஒரு சகோதரியின் இல்லத்தில் நடைபெற்றது. புற்றுநோயால் மெலிந்து போயிருந்த அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். செபமாலை முடிந்ததும், வேறொரு சபையைச் சேர்ந்த உறவினர் ஒருவர் பேசத் தொடங்கினார். உண்மையான விசுவாசம் உள்ளவர் மருந்தைத் தேடலாகாது என்றும், யாக்கோபு தம் திருமுகத்தில் செபத்தையும் எண்ணெயையும் மட்டுமே குறிப்பிடுகிறார் என்றும் அவர் வாதிட்டார். நம்மவர் ஒருவர் உடனே எழுந்து, மருத்துவரை மதிக்கக் கற்பிக்கும் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை விரித்துக் காட்டினார். “அந்த நூல் எங்கள் வேதாகமத்தில் இல்லை” என்றார் முன்னவர். “அப்படியானால் உங்கள் வேதாகமம்தான் குறையுள்ளது” என்றார் பின்னவர். பேச்சு 66 நூல்களா, 73 நூல்களா என்பதற்குத் தாவியது. அங்கிருந்து சுரூபங்களுக்கும் மாதா வணக்கத்திற்கும் சென்றது. ஒரு மணி நேரம் கடந்தது. மறுநாள் மருத்துவமனைக்குச் செல்வதா, வேண்டாமா என்று கலங்கிக் கிடந்த அந்தச் சகோதரியிடம், “சாப்பிட்டீர்களா அம்மா?” என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. நாமும் அங்கிருந்தோம். நாமும் கேட்கவில்லை.

அன்று பேசப்பட்டவை அனைத்தும் இறைவார்த்தையைப் பற்றியவையே. ஆயினும் இறைவார்த்தை அந்த இல்லத்தில் ஒலித்ததா என்னும் கேள்வி நம்மை விட்டபாடில்லை.

விளக்கங்கள் வேறுபடுவதைக் கண்டு அஞ்சுவோர் நம்மிடையே பலர். ‘கத்தோலிக்கருக்கு ஒரே போதனை, எனவே ஒரே விளக்கம்’ என்று அவர்கள் எண்ணுகிறார்கள். திருச்சபையின் வரலாறு இவ்வெண்ணத்திற்குச் சான்று பகரவில்லை. பீடத்தில் வைத்து நாம் வணங்கும் புனிதர்களே மறைநூலின் பொருள் பற்றி முரண்பட்டிருக்கிறார்கள். சில வேளைகளில் கடுமையாகவும் முரண்பட்டிருக்கிறார்கள்.

கி.பி. 403-ஆம் ஆண்டளவில், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தினார், பெத்லகேமில் வாழ்ந்த புனித ஜெரோமுக்கு ஒரு மடல் எழுதினார். ஓயா என்னும் ஊரில் (இன்றைய லிபியாவின் திரிப்போலி) நடந்த குழப்பத்தை அதில் அவர் விவரிக்கிறார். அவ்வூர் ஆயர், எபிரேயத்திலிருந்து ஜெரோம் செய்த புதிய இலத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து யோனா நூலைக் கோவிலில் வாசிக்கச் செய்தார். யோனாவின் தலைக்கு நிழல் தந்த செடியின் பெயர் அதில் மாறியிருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சுரைக்கொடி என்று கேட்டுப் பழகிய மக்களின் காதில் வேறொரு கொடியின் பெயர் விழுந்தது. கோவிலில் கொந்தளிப்பு எழுந்தது. ஆயர் அவ்வூர் யூதர்களைக் கலந்தாலோசித்தார். பழைய பெயரே சரியென அவர்கள் கூறினர். மந்தை முழுவதையும் இழந்துவிடாதிருக்க, ஆயர் பணிந்து போனார்.

எபிரேய மூலத்தில் உள்ள அந்தச் சொல்லுக்கு இலத்தீனில் நேர்ச்சொல் இல்லை என்பது ஜெரோமின் விளக்கம். நம் தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்குச் செடி. சரியான சொல்லுக்காக ஜெரோம் பட்ட பாட்டை நாம் சிறிதெனக் கருதவில்லை. மூலமொழியின் ஒவ்வொரு சொல்லுக்கும் உண்மையாய் இருப்பது இறைவனுக்கே செய்யும் மரியாதை. ஆனால் ஓயா மக்கள் சண்டையிட்டது எந்த நூலைக் கேட்டபோது என்பதை எண்ணிப் பார்ப்போம். அது ஒரு செடி வாடியதற்காகச் சாகும் அளவுக்குச் சினம் கொண்ட இறைவாக்கினரின் கதை. 1,20,000-க்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நினிவே நகருக்காக இரங்கிய இறைவன், செடிக்காக இரங்கும் நீ இம்மக்களுக்காக நான் இரங்குவதைக் கண்டு ஏன் சினங்கொள்கிறாய் என்று யோனாவை வினவும் கதை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களே செடிக்காகக் கிளர்ந்தெழுந்தனர்! நாமும் நோயாளியின் கட்டிலருகே அதைத்தான் செய்தோம். ஆமணக்கைப் பற்றிப் பேசி நினிவேயை மறந்தோம்.

இவ்விரு புனிதரிடையே இதைவிட ஆழமான பிணக்கு ஒன்றும் இருந்தது. அந்தியோக்கியாவில் பேதுருவைப் பவுல் நேருக்கு நேர் எதிர்த்ததைக் கலாத்தியர் திருமுகம் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. பிற இனத்தாரோடு உணவருந்தி வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். இது பிறர் திருந்துவதற்காக இருவரும் சேர்ந்து காட்டிய தோற்றமே என்று, பழைய ஆசிரியர்களைப் பின்பற்றி, ஜெரோம் விளக்கியிருந்தார். அகுஸ்தினாரால் இதை ஏற்க இயலவில்லை. மறைநூலில் பயனுள்ள ஒரு பொய்க்கு இடம் கொடுத்தால், பிறகு எந்த வரியை நம்புவது என்று அவர் கேட்டார். அவருடைய மடல்களில் ஒன்று உரியவரைச் சேருமுன்பே உரோமையில் பலர் கைகளில் உலவியது. தம்மைத் தாழ்த்திப் புகழ் தேட நினைக்கிறாரோ என்று ஜெரோம் ஐயுற்றுச் சினந்தார்.

முறிந்து போகவேண்டிய இடம் அது. ஆனால் முறியவில்லை. தம் சொல் புண்படுத்தியிருந்தால் மன்னிக்குமாறு அகுஸ்தினார் வேண்டினார். ஆயர் என்னும் பட்டம் குருவினும் உயர்ந்ததாயினும், பலவற்றில் தாம் ஜெரோமுக்குக் கீழ்ப்பட்டவரே என்ற பொருள்பட எழுதினார். ஆயினும், உண்மையென்று தாம் கண்டதைக் கைவிடவில்லை. பேதுரு தவறினார், பவுல் கண்டித்தார், பேதுரு தாழ்மையோடு ஏற்றார் என்பதே அவர் நிலைப்பாடு. பல ஆண்டுகளுக்குப் பின், பெலாஜியக் கொள்கையை மறுத்து எழுதிய நூலில், பேதுருவிடம் குறை இருந்தது என்பதை ஜெரோமும் ஒப்புக்கொண்டார்.

அதே ஜெரோமின் வாழ்வில் இதற்கு எதிரான பாடமும் உண்டு. இளமை முதல் அவருக்கு உயிர்த் தோழராயிருந்தவர் ரூஃபினுஸ். ஒரிஜனின் போதனைகளைப் பற்றி எழுந்த சச்சரவில் அவர்கள் பிரிந்தார்கள், ஒருமுறை ஒப்புரவானார்கள், மீண்டும் பிரிந்தார்கள். கி.பி. 410-ஐ ஒட்டி ரூஃபினுஸ் இறந்த பிறகும் ஜெரோமின் ஏளனம் ஓயவில்லை. புனிதராயிருந்தும் இங்கே அவர் தவறினார் என்று சொல்ல நாம் தயங்கவேண்டியதில்லை. ஒரே மனிதர், ஒரே புலமை, ஒரே மறைநூல். ஓரிடத்தில் வேறுபாடு உறவைக் காத்தது. மற்றோரிடத்தில் கல்லறை வரை பகையாயிற்று.

இனி நம் குற்றங்களுக்கு வருவோம். முதலாவது, வசனத்தைக் கல்லாக்குவது. அதிகாரத்திலிருந்து ஒரு வரியைப் பெயர்த்தெடுத்து அடுத்தவர்மேல் எறிகிறோம். மனைவி பணிந்திருக்கவேண்டும் என்பதைச் சுட்டும் கணவர், அதற்கு முந்தின வரியில் ஒருவருக்கொருவர் பணியுமாறு கூறப்பட்டுள்ளதையும், திருச்சபைக்காகத் தம்மையே கையளித்த கிறிஸ்துவைப்போல் அன்புசெய்யுமாறு தமக்கு இடப்பட்ட கட்டளையையும் வாசிப்பதில்லை. இரண்டாவது, ‘இவையெல்லாம் சாமியாருக்குத் தெரியும்’ என்று விவிலியத்தை அலமாரியில் வைத்துப் பூச்சூட்டுவது. இதைத் தாழ்ச்சி என்று அழைக்கிறோம். சோம்பல் என்பதே அதன் சரியான பெயர். மூன்றாவது, வேறு விளக்கம் சொல்பவரை உடனே ‘பிரிந்த சபைக்காரர்’ என்றோ ‘விசுவாசமற்றவர்’ என்றோ முத்திரையிட்டு, அவர் சொன்னதைக் கேட்காமலே இருப்பது.

‘அப்படியானால் அவரவர் விருப்பப்படி பொருள் கொள்ளலாமா?’ என்று கேட்பீர்கள். கூடாது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறைவெளிப்பாடு பற்றிய தன் ஏட்டில் தெளிவான வழியைக் காட்டியது: ஆசிரியர் சொல்ல விரும்பியதைத் தேடவேண்டும், அவர் கையாண்ட இலக்கிய வகையை அறியவேண்டும், மறைநூல் முழுவதின் ஒருமையையும் திருச்சபையின் வாழும் மரபையும் கருத்தில் கொள்ளவேண்டும். 1993-இல் திருப்பீட விவிலிய ஆணையம் விவிலிய விளக்கம் பற்றி வெளியிட்ட ஆவணம், வரலாற்றுப் பின்னணியைப் புறக்கணித்து எழுத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் அடிப்படைவாத வாசிப்பை ஆபத்தானதென்று எச்சரித்தது. இந்த எச்சரிக்கை வேறு சபையினருக்கு மட்டும் உரியது என்று எண்ணி நாம் மகிழ்வது வீண். ஒற்றை வசனத்தை ஏந்திய உறவினரும், அதற்கு மற்றோர் ஒற்றை வசனத்தை ஏந்திய நம்மவரும் அன்று ஒரே முறையில்தான் வாசித்தார்கள். மருத்துவரைப் பற்றிய சீராக்கின் போதனை உண்மை. ஆனால் அதை எடுத்தவர் நோயாளியை நோக்கி எடுக்கவில்லை, எதிராளியை நோக்கி எடுத்தார்.

அளவுகோலையும் அகுஸ்தினாரே தந்திருக்கிறார். கிறிஸ்தவப் போதனை பற்றிய தம் நூலில், இறையன்பையும் பிறரன்பையும் வளர்க்காத விளக்கம் மறைநூலைப் புரிந்துகொண்ட விளக்கமாகாது என்று அவர் கற்பிக்கிறார். அன்பை வளர்த்தும் ஆசிரியரின் கருத்தைத் தவறவிட்டவரை, பாதையை விட்டு வயல் வழியே நடந்தும் சேரவேண்டிய ஊரைச் சேர்ந்தவருக்கு ஒப்பிடுகிறார். அத்தகையவரையும் திருத்தவேண்டும் என்கிறார். வழி விலகுவது பழக்கமாகிவிட்டால் ஒருநாள் ஊரையே தவறவிட நேரும் அல்லவா? பாதையும் வேண்டும், ஊரும் வேண்டும்.

எனவே அடுத்த அன்பியக் கூட்டத்தில் வசனத்தைத் தனியே எடுக்காமல் அதிகாரம் முழுவதையும் வாசிப்போம். அடுத்தவரின் விளக்கத்தை மறுக்குமுன், அவர் ஒப்புக்கொள்ளும்படி அதை ஒருமுறை நம் வாயால் சொல்லிப் பார்ப்போம். தெரியாததைப் பங்குத்தந்தையிடம் கேட்போம். கேட்டபின் நாமும் தேடுவோம். இவை அனைத்திற்கும் முன்பாக, அந்த அறையில் துன்புறுபவர் யார் என்று பார்ப்போம்.

யோனா நூல் ஒரு கேள்வியோடு முடிகிறது. இறைவாக்கினர் என்ன மறுமொழி சொன்னார் என்று அங்கே எழுதப்படவில்லை. அந்தச் சகோதரியின் கட்டிலருகே நாம் சொல்லத் தவறிய மறுமொழியும் அதுவே.