பலகை மாறினால் பசி தீருமா?

டில்லி சர்க்காருக்குப் பெயர் வைக்கும் வேலை ஓயவில்லை. 2015ல் திட்டக் கமிஷனை ஒழித்து நிதி ஆயோக் என்றார்கள். 2022ல் ராஜபாதையைக் கர்த்தவ்ய பாதை ஆக்கினார்கள். 2025 நவம்பரில், கவர்னர்கள் குடியிருக்கும் ராஜ் பவன்கள் இனி லோக் பவன், அதாவது மக்கள் மாளிகை, என்று உத்தரவு போட்டார்கள்.

அடிமைச் சின்னங்களை ஒழிக்கிறார்களாம்! நல்லது. "ராஜ்" என்ற சொல் போனதற்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை. ஆனால் கேட்கிறோம்: மக்கள் மாளிகையில் இருப்பவரை எந்த மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்? டில்லி அனுப்பிய ஆள்தானே! நமது சட்டசபை இரண்டாம் முறையும் நிறைவேற்றிய 10 மசோதாக்களைக் கவர்னர் ஜனாதிபதியிடம் தள்ளி விட்டது செல்லாது என்று 2025 ஏப்ரல் 8ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டி வந்தது. மக்கள் வந்தது பலகைக்கு மட்டுமே!

மக்கள் கேட்ட பெயர்

அப்படியானால் பெயர் மாற்றமே கூடாது என்கிறோமா? இல்லை. சென்னை ராஜ்யம் என்ற பெயரை மாற்றித் "தமிழ்நாடு" என்று வை என 1956 ஜூலை 27ல் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார் தியாகி சங்கரலிங்கனார். 76 நாட்கள் கிடந்து, அக்டோபர் 13ல் உயிர் துறந்தார். பெயரை மட்டுமா கேட்டார்? பதவியில் இருப்போர் ஆடம்பரமின்றி வாழ வேண்டும் என்றும் கேட்டார். 1961ல் ராஜ்ய சபையில் இதற்கென மசோதா கொண்டு வந்தவர் வங்காளத்துத் தோழர் பூபேஷ் குப்தா. அதைத் தோற்கடித்தார்கள். 1967 ஜூலை 18ல் சட்டசபை தீர்மானம் போட்டது. 1969 ஜனவரி 14ல் பெயர் வந்தது. அது கீழேயிருந்து எழுந்த பெயர். இன்று வருவதோ மேலேயிருந்து விழுகிற பெயர்!

திருச்சி கண்ட பெயர்கள்

பொன்மலைத் தொழிலாளியைக் கேளுங்கள். 1946 செப்டம்பர் 5ல் சங்கத் திடலில் துப்பாக்கிச் சூடு நடந்து 5 தோழர்கள் மாண்ட போது பெயர் சவுத் இந்தியன் ரயில்வே. 1951ல் சதர்ன் ரயில்வே. 1974 மே மாத வேலைநிறுத்தத்தில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான ரயில்வே தொழிலாளர்களுக்குச் சிறையும் வேலை நீக்கமும் கிடைத்தன. பலகை மாறியது, தடியடி மாறவில்லை.

துப்பாக்கித் தொழிற்சாலைத் தொழிலாளியைக் கேளுங்கள். 2021 அக்டோபர் 1ல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. 41 தொழிற்சாலைகள் 7 கம்பெனிகள் ஆயின. சர்க்கார் இலாகாவின் தொழிற்சாலை ஒரே இரவில் "லிமிடெட்" ஆனது! சங்கங்கள் வேலைநிறுத்தம் என்றன. ஜூன் 30லேயே அவசரச் சட்டம் வந்தது: வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை! முதலில் வாயை அடைத்தார்கள். பிறகு பலகையை மாற்றினார்கள்.

நூறு நாள் வேலைக்கு நேர்ந்த கதி

அடுத்த அடி கிராமத்தின் மீது. 2005ல் வந்த வேலை உறுதிச் சட்டத்துக்கு 2009ல் மகாத்மா காந்தி பெயர் சூட்டப்பட்டது. மண்ணச்சநல்லூரிலும் அந்தநல்லூரிலும் அதற்கு ஒரே பெயர்தான்: நூறு நாள் வேலை. 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொன்றை நிறைவேற்றினார்கள். வாயில் நுழையாத நீண்ட இந்திப் பெயர். சுருக்கினால் "ஜி ராம் ஜி"!

ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வயலில் இறங்கும் நமது தாய்மார்களின் பக்தியோடு நமக்குச் சண்டையில்லை. ஆனால் சாமி பெயருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பது என்ன?

100 நாளை 125 ஆக்கினோம் என்கிறார்கள். பணம்? பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய சர்க்காரின் பொறுப்பு. புதியதில் நம் போன்ற மாநிலங்கள் செலவில் 40 சதவீதம் சுமக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இவ்வளவுதான் என்று டில்லி அளந்து வைக்கும். மீறினால் மாநிலத்தின் தலையில். பணமில்லாத 125 நாள் ஏட்டுச் சுரைக்காய்!

இன்னொன்று, இதுதான் விஷம். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாட்கள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாமாம். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் தேவைப்படும் போதுதான் விவசாயத் தொழிலாளி நிமிர்ந்து நின்று கூலி பேச முடியும். "உங்கள் கூலி கட்டாது, நூறு நாள் வேலைக்குப் போகிறேன்" என்று சொல்ல முடிந்ததே, அந்த ஒரு வார்த்தையைப் பறிக்கிறார்கள். இது யாருக்குச் செய்யும் சேவை? குறைந்த கூலிக்கு ஆள் தேடும் நிலச்சுவான்தாருக்குத்தான்!

தோழர்களே! இனி எந்தப் பலகை மாறினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். கேட்டது யார்? நமக்கு எந்த உரிமை கூடியது? எந்த உரிமை குறைந்தது? ஆலை வாசலில் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். வேலை கேட்டு மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆலைத் தொழிலாளியின் சங்கமும் விவசாயத் தொழிலாளியின் சங்கமும் ஒரே ஊர்வலமாகத் திருச்சி வீதியில் இறங்கட்டும்.

பெயரை அவர்கள் மாற்றட்டும். உரிமையை மாற்ற விடமாட்டோம்!