ஆசிரிய கலாசாலைக்கு முகாமைக் குழு வேண்டும்

இரணைமடுவின் கீழ்ச் சிறுபோகம் எத்தனை ஏக்கர், நீர் திறப்பது எந்நாள் என்பவற்றை ஆண்டுதோறும் அரசாங்க அதிபர் தலைமையிற் கூடும் கூட்டம் தீர்மானிக்கின்றது. கமக்காரர் அங்கே பேசுகின்றனர், அதிகாரிகள் கேட்கின்றனர். அக்கமக்காரரின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்போகும் ஆசிரியரை உருவாக்கும் கலாசாலையில் அவருக்குள்ள பங்கு யாது?

முன்னர் நிலைமை வேறு. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் திருநெல்வேலியில் ஆசிரிய கலாசாலையை நடத்தியது. கிறிஸ்தவ சபைகளும் தத்தமக்கெனக் கலாசாலைகளை நடத்தின. குறை கண்டால் எவர் வாசலிற் போய் நிற்பது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. அக்காலத்தைப் பொற்காலமெனப் போற்ற நாம் முன்வரவில்லை. நியமனங்களிற் சமயமும் செல்வாக்கும் புகுந்தன. சாதியின் பெயரால் பள்ளி வாயில் மறுக்கப்பட்டோரின் வேதனையை மறைப்பது நேர்மையாகாது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளும் பயிற்சிக் கலாசாலைகளும் அரசின் கைக்குச் சென்றன. பழைய குறைகளோடு ஊரின் பொறுப்பும் போயிற்று.

1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த தேசிய கல்வியியற் கல்லூரிகளில் ஈராண்டு கல்லூரிக் கல்வி. மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றிற் பயிற்சி. கல்லூரி மத்திய அமைச்சின் கீழ். பாடசாலையோ பெரும்பாலும் மாகாண நிர்வாகத்தின் கீழ். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பயிற்சி ஆசிரியையை நாள்தோறும் கவனிப்பவர் யார்? மேற்பார்வைக்கு வரவேண்டியவர் வராவிடின் அதிபர் எவரிடம் முறையிடுவார்? எப்பாடத்துக்கு எத்தனை பேர் என்பதைக் கொழும்பு வகுக்கின்றது. வன்னியின் கோடியில் கணித ஆசிரியருக்குக் காத்திருக்கும் பாடசாலையின் நிலையை அங்கே எடுத்துரைப்பவர் யார்?

ஆகவே, கல்லூரிதோறும் அதிகாரமுள்ள முகாமைக் குழு வேண்டும். தேநீர் அருந்திக் கலையும் ஆலோசனைச் சபையை நாம் கேட்கவில்லை. அத்தகையவை நாட்டில் நிறைய உண்டு. பீடாதிபதியோடு விரிவுரையாளர், மாகாணக் கல்வி அதிகாரி, பயிற்சிப் பாடசாலை அதிபர்கள், பெற்றோர், மாணவர் ஆகியோர் அதில் அமர வேண்டும். மந்திரியின் சிபார்சுக் கடிதத்தோடு வருவோருக்கு ஆசனம் வேண்டாம். மாணவரைத் தெரிவதிலும் பரீட்சையிலும் குழு கைவைத்தலாகாது. பழைய நோய் அவ்வழியே திரும்பும். விடுதி உணவு, பயிற்சிப் பாடசாலைத் தெரிவு, மேற்பார்வை ஆகியவை அதன் கையில் இருக்கட்டும். பாடவாரியான தேவையைக் குழு அறிவித்தால், அமைச்சு அதனை ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பின் காரணத்தை எழுத்தில், தமிழில், தரவேண்டும்.