ஏடு காத்திருக்கும்

யானைக்கவுனிக்குப் பக்கத்தில் தங்கசாலை. பழைய பெத்தநாயக்கன்பேட்டையைச் சேர்ந்த பகுதி அது. அந்தப் பேட்டையில் முன்பு யூதர்களுக்குத் தனி இடுகாடு இருந்தது. கோல்கொண்டா வைர வியாபாரத்தில் ஈடுபட்ட ஜாக் டி பைவா என்ற யூதர் 1687-ம் ஆண்டு இறந்தபோது, அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

இந்த யூதர்களின் மதத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. படிப்பு பெரிதா, கூட்டு ஜெபம் பெரிதா என்பதே அந்த வழக்கு.

யூதர்களின் வேதம் தோரா. அதைப் படிப்பது தலையாய கடமை. ஜெப ஆலயத்தில் கூடி ஜெபிப்பதும் கடமை. பழைய முறைப்படி 10 ஆண்கள் சேர்ந்தால்தான் அது கூட்டு ஜெபம். முதலில் ஒவ்வொருவரும் மெல்லிய குரலில் ஜெபிப்பார்கள். பிறகு ஒருவர் முன்னின்று அதையே உரக்கச் சொல்வார். மற்றவர்கள் “ஆமென்” என்று பதில் கொடுப்பார்கள்.

“நான்தான் ஜெபித்து முடித்துவிட்டேனே! இந்த நேரத்தில் இரண்டு பக்கம் படிக்கலாமே!” என்று படித்தவர் ஒருவர் நினைக்கலாம். இடையிடையே “ஆமென்” சொன்னால் போதாதா?

போதாது. 1565-ல் வெனிஸ் நகரில் அச்சான ‘ஷுல்ஹான் அருக்’ என்ற சட்ட நூல், 9 பேராவது காது கொடுத்துக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் முன்னின்று சொல்பவரின் ஜெபம் வீணானது போலத்தான்.

பிற்காலத்து ‘மிஷ்னா பெரூரா’ இன்னொரு காரணமும் சொல்கிறது. படித்தவர் ஏட்டைப் புரட்டினால், அவரைப் பார்த்துப் படிக்காதவர் ஊர்க்கதை பேசத் தொடங்கிவிடுவார்!

தல்மூத் காலத்து அறிஞர் ஷேஷத், சபையில் தோரா வாசிக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு தம் பாடத்தைப் படித்தாராம். அவர் படிப்பையே தொழிலாகக் கொண்டவர் என்று பின்வந்தோர் சமாதானம் சொன்னார்கள். எல்லாரும் ஷேஷத் ஆகிவிட முடியுமா?

சட்டம் சொல்வதே நியாயம். ஜெபத்தை மறுபடி உரக்கச் சொல்லும் வழக்கம் யாருக்காக ஏற்பட்டது? ஜெபம் தெரியாத ஏழை எளியவருக்காக. அவர் காதால் கேட்டு “ஆமென்” என்றாலே கடமை முடிந்தது. அவருக்காக நடக்கும் காரியத்தில் படித்தவர் ஒதுங்கி உட்கார்ந்தால், அந்தப் படிப்பால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன லாபம்?

படிப்புக்கும் நேரம் உண்டு. ஜெப ஆலயத்திலிருந்து நேராகப் படிப்புக் கூடத்துக்குப் போகிறவரைத் தல்மூத் புகழ்கிறது. முதலில் சபை, அடுத்து ஏடு.

எழுத்துக் கற்றவர் எந்த மதத்தவரானாலும் இது பொருந்தும். ஏடு காத்திருக்கும். பதிலுக்குக் காத்திருக்கும் மனிதரைக் காக்க வைக்கலாகாது.